கோல் போஸ்டுக்கு ஓர் ஆள் தேவை

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மாணவர் மன்றச் செயலாளர் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கியபோது நான் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் லேப் ரெக்கார்டு எழுத்துதான். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. அதற்கு மேல் ஒரு வரி எழுதினால் சார் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஆனால் செயலாளர் விடவில்லை. "நீதான் ஹாக்கி ஆடுறியே, அதைப் பத்தி எழுதும்மா" என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். என்ன காரியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கே சேர்ந்தது 2023-இல். பத்தாம் வகுப்பு முடித்து நேராக டிப்ளமோ. எங்கள் வீட்டில் அப்பா அஞ்சாப்பு, அம்மா மூணாப்பு. அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்களாம். அதற்குப் பிறகும் அந்தப் பட்டறையில் ஆள் குறைந்துகொண்டுதான் போகிறது. லட்டு கொடுத்தவர்களில் பாதிப் பேர் இன்று வேறு வேலையில் இருக்கிறார்கள். "நீயாவது மெசினைப் படிச்சுட்டு வா" என்று சொல்லித்தான் அப்பா என்னை மெக்கானிக்கல் பிரிவில் சேர்த்தார். அந்தப் பிரிவில் எங்கள் வருடம் பெண்கள் நாலே பேர்.

முதல் ஆண்டில் ஒரு நாள் பி.டி. சார் வந்து, "பொண்ணுங்க ஹாக்கி டீம் போடணும், யார் யார் வர்றீங்க?" என்று கேட்டார். ஹாக்கி என்றால் நமக்கெல்லாம் கோவில்பட்டி ஞாபகம்தான் வரும். அங்கே சின்னப் பிள்ளைகள்கூட மட்டையோடு திரிவார்கள் என்று கேள்வி. நம்ம ஊரில் பிரியாணிக்குத் திரிவார்களே தவிர ஹாக்கிக்குத் திரிய மாட்டார்கள். மொத்தக் கல்லூரியிலும் சேர்த்து பத்துப் பேர் கை தூக்கினார்கள். பதினொன்றாவது ஆள் வேண்டும். சிவில் பிரிவு கேப்டன் அக்கா என்னைப் பார்த்து, "நீ உயரமா இருக்க. ஓட வேண்டாம், சும்மா நின்னா போதும்" என்றார்.

சும்மா நின்றால் போதும் என்று அவர் சொன்னதை நான் நம்பினேன்!

ஹாக்கி கோல் போஸ்டின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். படிக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். அதன் நடுவில் போய் நின்று பார்த்தால் ரயில்வே கேட்டை ஒற்றை ஆளாகக் காக்கிற மாதிரி இருக்கும். பந்து நூற்றைம்பது கிராமுக்கு மேல் எடை, நல்ல கெட்டி. கீப்பருக்கென்று கால் பேட், பாதத்துக்கு கிக்கர், நெஞ்சுக் கவசம், கையுறை, ஹெல்மெட் எல்லாம் தனியாக இருக்கிறது. எங்களிடம் இருந்தவை, பையன்கள் கழித்துப்போட்ட ஒரு ஹெல்மெட்டும், பக்கிள் பிய்ந்த ஒரு ஜோடி கிரிக்கெட் பேடும். கிக்கர் கிடையாது. கேன்வாஸ் ஷூதான்.

முதல் மண்டலப் போட்டியில் 0-6 என்று தோற்றோம். ஆறு கோலையும் வாங்கியவள் நான். ஏழாவதைத் தடுத்தேன், தொடையால். தெரிந்து தடுக்கவில்லை, பந்து அங்கே வந்தது, தொடை அங்கே இருந்தது. வீட்டுக்கு வரும்போது அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. நான் தாவணியால் மறைத்துப் பார்த்தேன். நொண்டுவதை மறைக்க முடியவில்லை.

அதே வாரத்தில்தான் முதல் செமஸ்டர் ரிசல்ட்டும் வந்தது. கணக்கில் அரியர்.

அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் கையிலிருந்த பித்தளைத் தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பாப்பா, நீ படிக்கப் போனியா, அடி வாங்கப் போனியா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு அத்தை சும்மா இருப்பாரா? "பொம்பளப் புள்ளைக்குக் கால் போச்சுன்னா எவன் கட்டுவான்?" என்று அவர் பங்குக்குச் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து தேய்த்துவிட்டார். எனக்கு அத்தை சொன்னது வலிக்கவில்லை. அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது. எங்கள் பரம்பரையில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அரியரோடும் நொண்டிக் காலோடும் வந்து நின்றால் அவர் வேறு என்ன கேட்பார்?

"அரியரை எடு. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். மட்டை பரணுக்குப் போனது.

மைதானத்துக்குப் போகாத அந்த மாதங்களில்தான் நான் கோல் கீப்பர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கணக்கு நோட்டுக்கு நடுவில் கைபேசி. (எச்.ஓ.டி. சார் மன்னிக்கவும்.)

சவிதா புனியாவை எனக்கு முன்பே தெரியும். 2021 ஆகஸ்டு 2-ஆம் தேதி, கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த நேரம், மாமாவின் போனில் டோக்கியோ ஒலிம்பிக் கால் இறுதி பார்த்தோம். குர்ஜித் கவுர் 22-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டார். மீதி நேரமெல்லாம் ஆஸ்திரேலியாக்காரிகள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், சவிதா தடுத்துக்கொண்டே இருந்தார். 1-0. இந்தியப் பெண்கள் ஒலிம்பிக்கில் அரை இறுதிக்குப் போனது அதுதான் முதல் முறை. அதன் பிறகு அர்ஜென்டினாவிடம் 1-2, பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று நான்காம் இடம். கேப்டன் ராணி ராம்பால், வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். 2020-இல் கேல் ரத்னாவும் பத்மஸ்ரீயும் வாங்கியவர். அவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு என் ஆளைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது.

சவிதா ஹரியானாவில் சிர்சா மாவட்டத்து ஜோத்கான் என்ற கிராமத்துப் பெண். முதலில் அவருக்கு ஹாக்கியே பிடிக்கவில்லையாம். தாத்தாதான் பிடிவாதமாக அனுப்பியிருக்கிறார். கீப்பர் மூட்டை சாதாரண மூட்டையா? அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் உள்ளே விட மாட்டாராம், கூரை மேலே போடச் சொல்வாராம். இதைப் படித்தபோது வத்தலக்குண்டு பஸ்ஸில் என் பேடைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நான் வாங்கிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. 2017 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம் ஜப்பானில் நடந்தது. சீனாவோடு சமநிலை, பிறகு ஷூட் அவுட்டில் 5-4 என்று வெற்றி. போட்டியின் சிறந்த கோல் கீப்பர் அவர்தான். 2018-இல் அர்ஜுனா விருது. அப்புறம் 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று தடவை உலக ஹாக்கிக் கூட்டமைப்பின் சிறந்த கோல் கீப்பர் விருது!

ஆனால் எனக்கு விருதுகளைவிடப் பிடித்தது வேறு விஷயம். பேத்தியைப் பற்றிப் பேப்பரில் வருகிறது என்பதற்காக அந்தத் தாத்தா வயதான காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாராம். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நல்ல மனுசன்" என்று மட்டும் சொன்னார்.

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஐஸ் ஹாக்கி கண்ணில் பட்டது. பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்தான். பனிக்கட்டி மேல் சக்கரமில்லாத, கத்தி மாதிரி தகடு வைத்த ஷூவில் வழுக்கிக்கொண்டே ஆட வேண்டும். நம்ம ஊரில் ஐஸ் என்றால் சர்பத் கடையில் பார்ப்பதுதான். இந்தியாவில் யார் இதை ஆடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆடுகிறார்கள். லடாக்கில். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். குளிர்காலத்தில் குளம் உறைந்து கெட்டியாகிவிடும், அதுதான் மைதானம். மேடு பள்ளம் தெரியாமலிருக்க ராத்திரியில் அதன் மேல் தண்ணீர் ஊற்றி உறைய விடுவார்கள். வருடத்தில் சுமார் இரண்டு மாதம்தான் ஆட முடியும். பனி உருகினால் ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெண்கள் 2016-இல் முதன்முதலாக இந்திய அணி என்று தைபேயில் போய் ஆடினார்கள். அடுத்த வருடப் பயணத்துக்கு ஊர் பேர் தெரியாத மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள், அது முதல் சர்வதேச வெற்றி. அதன் பிறகு எட்டு வருடம். 2025-இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். இந்த அணிக்கு வெகுநாள் கோல் கீப்பராக இருந்தவர் நூர் ஜஹான் என்ற லே நகரப் பெண். அவர் தொழில் என்ன தெரியுமா? பழைய புத்த மடங்களின் சுவர் ஓவியங்களையும் துணி ஓவியங்களையும் சிதையாமல் காப்பாற்றுவது. பகலில் ஓவியத்தைக் காக்கிறார், மற்ற நேரத்தில் கோலைக் காக்கிறார். சில பேருக்குக் காப்பதே பிழைப்பு போலிருக்கிறது. எங்கள் அப்பாவும் பூட்டுதானே செய்கிறார்!

ஐஸ் ஹாக்கியில் எனக்குக் கிடைத்த இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கல்லூரிப் பெண்களுக்கான ஐஸ் ஹாக்கியில் வருடத்துக்கு ஒருவருக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். அதன் பெயர் பாட்டி காஸ்மையர் விருது. நான் இதை லேப்பில் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏன், தாத்தாவுக்கு விருது இல்லையா?" என்று ஒருத்தன் கேட்டான். நானும் சிரித்தேன். யாரோ பல் போன கிழவி, பணக்காரியாக இருந்து அறக்கட்டளை வைத்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பிறகு படித்தேன். பாட்டி என்பது அங்கே செல்லப் பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1980-களில் தடுப்பு ஆட்டக்காரியாக இருந்தவர். அவருடைய அப்பா டிக் காஸ்மையரும் அதே பல்கலையில் படித்தவர், அமெரிக்கக் கால்பந்தில் அங்கே மிகப் பெரிதாகக் கருதப்படும் ஹெய்ஸ்மன் கோப்பையை 1951-இல் வாங்கியவர். மகள் 1990-இல் அபூர்வமான ஒரு ரத்த நோயால் இறந்துபோனார். வயது 28. பாட்டி ஆகவே இல்லை. அந்தப் பெண்ணின் பெயரில்தான் 1998-இலிருந்து விருது கொடுக்கிறார்கள். மறுநாள் லேப்பில் இதைச் சொன்னேன். தாத்தா விருது கேட்டவன் கொஞ்ச நேரம் வெர்னியர் காலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த விருதில் கோலை மட்டும் எண்ணுவதில்லை. குணம், நேர்மையான ஆட்டம், இக்கட்டான நேரத்தில் எப்படி நின்றாள், படிப்பு எப்படி என்றெல்லாம் பார்க்கிறார்கள். அரியர் வைத்திருந்த எனக்கு இது சுருக்கென்றது. 2025 வரை 28 தடவை கொடுத்திருக்கிறார்கள். ஹார்வர்டின் ஜெனிபர் பாட்டரில் மட்டும் 2001, 2003 என்று இரண்டு முறை வாங்கினார். இந்த இருபத்தெட்டில் கோல் கீப்பர்கள் எத்தனை பேர் என்று நான் விரல் விட்டு எண்ணினேன். நாலே பேர். 2000-இல் பிரவுன் பல்கலையின் அலி புரூவர், 2009-இல் ஜெஸ்ஸி வெட்டர், 2017-இல் ஆன்-ரெனே தெபியன் (இருவரும் விஸ்கான்சின்), 2021-இல் நார்த் ஈஸ்டர்ன் பல்கலையின் ஏரின் பிராங்கல். கோல் போடுகிறவர்களைத்தான் உலகம் முழுக்கத் தோளில் தூக்குகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நம் நாட்டு அர்ஜுனா விருது ஆரம்பித்த 1961-லேயே ஆன் லம்ஸ்டன் என்ற ஹாக்கிப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் பெருமை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

அரியரை நான் தனியாக எடுக்கவில்லை. கேப்டன் அக்கா சாயங்காலம் பயிற்சி முடிந்து வியர்வையோடு வந்து சைக்கிள் ஸ்டாண்டு படிக்கட்டில் உட்காருவார். மேட்ரிக்ஸ், டிரிக்னாமெட்ரி எல்லாம் அங்கேதான் எனக்கு ஏறியது. "உனக்காக இல்லடி, எங்களுக்கு கீப்பர் வேணும்" என்பார். என் இடத்தில் நின்ற பெண் இரண்டு ஆட்டத்தில் பதினொன்று வாங்கியிருந்தாள். ஏப்ரலில் எழுதினேன், ரிசல்ட் வந்தது, 58 மார்க். ரிசல்ட் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எண்ணை மட்டும் பார்த்தார். அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஏணியை எடுத்துப் பரணில் ஏறினார்.

இரண்டாம் ஆண்டு 0-4, 1-2. முன்னேற்றம்தானே!

2025 நவம்பர் கடைசியில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரை நமக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இந்தியா ஆடுகிற அன்று கூட்டமாக இருக்கும் என்று வேறொரு நாள் போனோம். கூட வருகிறேன் என்று அப்பாவே சொன்னதுதான் ஆச்சரியம். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். நீலத் தரை. ஆட்டத்துக்கு முன்னால் அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். "ஏம்ப்பா, நம்ம தெருவுல நாலு குடத்துக்குச் சண்டை, இங்க தரைக்கு ஊத்துறானே" என்றார் அப்பா. பந்து வேகமாக ஓட அதுதான் வழி என்று விளக்கினேன். சமாதானம் ஆகவில்லை.

எந்த நாடு எந்த நாட்டோடு ஆடியது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. கீப்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை கவசம் போட்ட பையன். ஒரு பந்து நேராக அவன் பாதத்தில் பட்டு, இருபது அடி தள்ளிப் போய் விழுந்தது. அவன் காலை உதறக்கூட இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் உனக்குக் கெடையாதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"அப்ப எதை வச்சுடி நிக்கிற?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் பேடைக் கொண்டுவரச் சொன்னார். கிக்கர் வாங்க நம்மிடம் பணம் ஏது? பிய்ந்திருந்த பக்கிள்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, தோல் மண்டியில் கழிவுத் தோல் வாங்கி வார் வெட்டி, பட்டறையிலிருந்து பித்தளை ரிவிட் கொண்டுவந்து அடித்தார். மாங்காய்ப் பூட்டுக்கு அடிக்கிற அதே ரிவிட். பழைய ரப்பர் மிதியடியைப் பாத அளவுக்கு வெட்டி, ஷூ மேல் கட்டுகிற மாதிரி ஒன்று செய்தார். பார்க்க மாட்டுக்கு லாடம் கட்டின மாதிரி இருந்தது. விதிப்படி அது செல்லுமா என்று பி.டி. சாரிடம் பயந்துகொண்டே காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு செஞ்சது?" என்றார். "எங்கப்பா" என்றேன். "பயிற்சிக்குப் போட்டுக்க" என்றார். போட்டிக்கு வேறொரு கல்லூரியிலிருந்து நல்ல கிக்கர் இரவல் வாங்கித் தந்தார். பேட் மட்டும் அப்பா அடித்ததுதான்.

இந்த ஜனவரியில் மண்டலப் போட்டி. முதல் ஆட்டத்தில் நாங்கள் 1-0 முன்னிலை. கடைசிக் கால் பகுதியில் எதிர் அணிக்கு பெனால்டி ஸ்ட்ரோக். கோட்டிலிருந்து 6.40 மீட்டர் தள்ளிப் பந்தை வைப்பார்கள். அவள் அடிக்கிற வரைக்கும் நான் கோட்டை விட்டு நகரக் கூடாது. நடுவில் வேறு யாரும் கிடையாது. அவள் வலது ஓரத்தைப் பார்த்தாள். பார்க்கிற பக்கம் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். இடது பக்கம் விழுந்தேன். பந்து பேடில் பட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ரிவிட்டில் பட்டிருக்க வேண்டும், டங் என்றது.

இந்த மூன்று வருடத்தில் எங்கள் முதல் வெற்றி அது. அடுத்த ஆட்டத்தில் 0-3 என்று தோற்றோம், அதில் இரண்டு என் தப்பு. ஒன்றுக்கு முன்கூட்டியே விழுந்துவிட்டேன், மற்றதை என் காலுக்கு நடுவிலேயே விட்டேன். வீட்டில் போய் இரண்டையும் சொன்னேன். அப்பா முதல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் மூன்று தடவை கேட்டார். எந்தப் பக்கம் விழுந்தாய், எந்த வாரில் பட்டது, ரிவிட் தாங்கியதா என்று.

இப்போது என் காரியம். ஏப்ரலோடு நான் போய்விடுவேன். அணியில் இன்னும் ஆறு பேர் என்னோடு போகிறார்கள். ஓடுகிறவர்களைப் பி.டி. சார் எப்படியாவது பிடித்துவிடுவார். கோலில் நிற்க மட்டும் யாரும் வரவில்லை. இரண்டு மாதமாகக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. கீப்பர் இல்லையென்றால் அடுத்த வருடம் பெண்கள் அணியின் பெயரைக் கொடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுத் தங்கைகளே, உயரமாக இருக்க வேண்டும் என்று இல்லை, ஓடத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. அடி படும். சும்மா நின்றால் போதும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அரியர் இருந்தாலும் வரலாம். சைக்கிள் ஸ்டாண்டு படிக்கட்டில் நான் உட்கார்ந்திருப்பேன். கணக்கு இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது.

பயிற்சி சாயங்காலம் நாலரை மணிக்கு. பேட் ஸ்போர்ட்ஸ் ரூமில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. இடது பேடின் மூன்றாவது வார் கொஞ்சம் இறுக்கம். பலமாக இழுத்து மாட்ட வேண்டும்.